வீட்டு நினைப்பில் வாடும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது எப்படி?

சேலத்தில் மாணவியர் விடுதி வார்டனாக இருக்கிறேன். வருஷா வருஷம் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்வார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வாரம் சாப்பாட்டுத் தட்டுகளைப் பாருங்கள். அழுகிற பிள்ளையைச் சுற்றி எப்படியும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு, "தலைவலி மேடம்" என்று போய்ப் படுக்கிறவளிடம்தான் முதலில் போக வேண்டும். டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பில் ஒன்றுமில்லை என்று அவர் சொல்லிவிட்டால், நடிக்கிறாள் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.

பழைய பாட்டு கேட்டால் நாஸ்டால்ஜியா என்கிறோமே, அது பிறந்ததே ஒரு நோயின் பெயராகத்தான். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தன் ஆய்வேட்டில் அந்தப் பெயரைச் சூட்டினார். கிரேக்கத்தில் நோஸ்டோஸ் என்றால் வீடு திரும்புதல், ஆல்கோஸ் என்றால் வலி. பெர்னிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞனைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். பையன் பிழைக்க மாட்டான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஊருக்கு அனுப்ப ஏற்பாடு தொடங்கியதுமே மூச்சு சீரானது. பெர்ன் போய்ச் சேரும் முன்பே தேறிவிட்டான்.

இதை நான் முழுக்க நம்புகிறேன். அதனால்தான் சொல்கிறேன், ஊருக்குப் போகும் தேதியை முதல் வாரத்திலேயே குறித்துவிடுங்கள். "போகலாம் கண்ணு, பார்க்கலாம்" என்பது போதாது. காலண்டரில் அவள் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். அவள் எதிரிலேயே அவள் அப்பாவுக்குப் போன் போட்டு அந்தத் தேதியைச் சொல்லுங்கள். மார்க் குறைந்தது, அறையைப் பெருக்கவில்லை என்று எந்தக் காரணத்துக்காகவும் அதை ரத்து செய்யாதீர்கள். மழையில் மலைப்பாதை அடைபட்டால் அன்றைக்கே அடுத்த தேதியைக் குறியுங்கள்.

ஹோஃபருக்குப் பிறகு ஷாய்க்ஸர் என்ற சுவிஸ் அறிஞர், மலையிலிருந்து இறங்கியவர்களைச் சமவெளியின் கனத்த காற்று அழுத்துவதால்தான் இந்த நோய் வருகிறது என்றார். அந்தக் காரணம் நிற்கவில்லை. ஆனாலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. அந்தக் குளிரில் வளர்ந்த பிள்ளைக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் தூக்கம் எப்படி வரும்? ஜன்னலோரக் கட்டிலை அவளுக்குக் கொடுங்கள்.

சமையல்கார அக்காவிடம் சொல்லி வாரம் ஒருநாள் ராகிக் களி கிண்டச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளும் ஆசையாகத்தான் சாப்பிடுவார்கள்.

ஊருக்குப் போய்வந்த பின்னும் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். பெற்றோரை வரவழைத்து மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.