கெட்டிக்குடுத்த பெண்ணுக்கும் வீதம் உண்டு: அப்பாவின் சொத்தில் உங்கள் பங்கைக் கேட்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்தில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ரவிக்கை தைக்க வருகிற பெண்களில் சிலர், அளவு கொடுத்து முடித்ததும் பையிலிருந்து இன்னொரு கவரை எடுப்பார்கள். உள்ளே பழைய பத்திர நகல் இருக்கும். இல்லையென்றால் அண்ணன் கொடுத்தனுப்பிய தாள் இருக்கும். "இதில கையெழுத்துப் போடலாமா அக்கா?" என்பார்கள். அவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. என் வீட்டுப் பங்குக்காக அலைந்து கற்றுக்கொண்டவள். எங்கள் மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். இந்துக் குடும்பங்களுக்கான வேறுபாட்டை நடுவில் சொல்கிறேன். முஸ்லிம் குடும்பங்களின் பங்குக் கணக்கு தனி, அதற்குள் நான் போகவில்லை.

முதலில் என் அம்மை கதை. 1979இல் பாட்டா (அம்மையின் அப்பா) இறந்தபோது மாமாமார் அம்மையைக் கூப்பிட்டு ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "சீதனம் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு உரிமை இல்லை" என்பது அதன் சாரம். யாரும் மிரட்டவில்லை. கோழிக்கறி வைத்துச் சோறும் போட்டார்கள். அன்றைய நிலையில் அதுதான் சட்டம் என்று எல்லோரும் நம்பினார்கள், அம்மையும் நம்பினாள்.

அந்தச் சட்டம் 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தாலோகூட அதுவும் கிடையாது. விதவைக்குக் கிடைத்தது ஆயுள்கால அனுபவம் மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லை மாறியதே தவிர, இந்தச் சட்டத்தின் நிழல் மாறவில்லை. திருநெல்வேலியில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்குக் கிடைத்த சம பங்கு, ஆரல்வாய்மொழியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கிடைக்காது. 1970களில் எங்கள் மாவட்டத்து வழக்குகளிலேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி பெண்ணுக்குச் சாதகமாகச் சொல்ல, பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, பழைய சட்டம்தான் செல்லும் என்றது. அம்மை கையெழுத்துப் போட்டது அதற்குப் பிறகு.

1986 பிப்ரவரி 24இல் உச்ச நீதிமன்றம் மேரி ராய் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய அந்த அம்மா கேட்டது, அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு சொல்லும் சமத்துவம். நீதிமன்றம் அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. 1951 ஏப்ரல் 1இலிருந்தே திருவிதாங்கூர்ச் சட்டம் ரத்தாகிவிட்டது, இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925தான் பொருந்தும் என்றது. அதாவது அம்மை கையெழுத்துப் போட்ட நாளில் அவளுக்கு மாமாமாரோடு சம பங்கு இருந்தது. இருந்தது யாருக்கும் தெரியவில்லை. தீர்ப்பு வந்த பிறகும் அம்மை வழக்குக்குப் போகவில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த பேப்பரை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

கையெழுத்துக்கு முன்னால் கணக்கு

இதுதான் நான் யாரிடமும் முதலில் சொல்வது. உங்கள் பங்கு எத்தனை சென்ட், இன்றைய விலையில் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பங்கை விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள்.

அப்பா உயில் எழுதாமல் இறந்தால் கணக்கு மிகச் சுலபம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லை, கெட்டிக்குடுத்தவள் கெட்டாதவள் என்ற வேறுபாடும் இல்லை. எங்கள் வீட்டில் 60 சென்ட் விளை (தோப்பு நிலம்). அம்மைக்கு 20. அண்ணன், நான், தம்பி, தங்கச்சி நாலு பேருக்கும் 10, 10. அம்மா ஏற்கெனவே இறந்திருந்தால் முழுவதும் பிள்ளைகளுக்கு. ஒரு மகன் அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் அவன் பங்கு அவன் பிள்ளைகளுக்குப் போகும். அம்மாவின் பெயரிலுள்ள சொத்துக்கும் இதே முறைதான். அங்கே மூன்றில் ஒரு பங்கு அப்பாவுக்கு. சீதனமாக நகை போட்டோம், அதைக் கழிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், இந்தச் சட்டத்தில் அப்படி ஒரு கழிவு கிடையாது.

இன்னொரு தவறான நம்பிக்கை: "இது பரம்பரைச் சொத்து, ஆண்பிள்ளைக்குப் பிறப்பிலேயே உரிமை." கிறிஸ்தவருக்கு அப்படி ஒன்று இல்லை. பாட்டாவிடமிருந்து அப்பாவுக்கு வந்தது அப்பாவின் சொந்தச் சொத்து. அதனால் அப்பா உயிரோடு இருக்கும்போது மகனும் கேட்க முடியாது, மகளும் கேட்க முடியாது. அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். இது கசப்பான பக்கம், மறைக்க மாட்டேன். உயில் இருப்பதாகச் சொன்னால் நகலைக் கேளுங்கள், இரண்டு சாட்சிகள் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் மாவட்டத்தில் ஒரே குடும்பத்தில் ஒரு கிளை அய்யாவழி, ஒரு கிளை சிஎஸ்ஐ, ஒரு கிளை கத்தோலிக்கம் என்று இருப்பது சாதாரணம். எந்தச் சட்டம் என்பதை இறந்தவரின் மதம்தான் தீர்மானிக்கும், கேட்பவரின் மதம் அல்ல. இறந்தவர் இந்து என்றால் மகளுக்கு மகனோடு சம பங்கு. கூட்டுக் குடும்பச் சொத்திலும் தமிழ்நாடு 1989இலேயே, அந்த வருடம் மார்ச் 25க்குமுன் மணமாகாத பெண்களுக்குச் சம உரிமை கொடுத்தது. 2005 மத்தியத் திருத்தம் மணமானவர்களையும் சேர்த்தது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மதம் மாறியவருக்கு இந்துத் தகப்பன் சொத்தில் பங்கு போகாது, ஆனால் மாறிய பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் வாரிசுரிமை தடைபடும். இந்தச் சிக்கல் இருந்தால் நேராக வக்கீலிடம் போங்கள்.

காகிதங்களைத் திரட்டுவது

இறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாசில்தார் கொடுப்பார். இங்கேதான் பெண்கள் காணாமல் போகிறார்கள். 1998இல் அப்பா இறந்த சமயம் விசாரிக்க வந்தவர், அண்ணன் தம்பி பெயரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "கெட்டிக்குடுத்த பிள்ளைகள் பேரு எதுக்கு?" என்றார். அம்மை உள்ளே போய் அந்தப் பழைய பேப்பரை எடுத்துவந்து மேசையில் விரித்தாள். "நாலு பேரையும் நான்தான் பெத்தேன், நாலு பேரையும் எழுதணும்" என்றாள். எழுதினார். ஆகவே விண்ணப்பத்தை அண்ணன் போட்டாலும், எண்ணைக் கேட்டு வாங்கி உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் உடனே தாசில்தாருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து ரசீது வாங்குங்கள். இந்தச் சான்றிதழ் வாரிசு யார் என்று மட்டும் சொல்லும், பங்கு எவ்வளவு என்று சொல்லாது.

அடுத்து வில்லங்கச் சான்றிதழ். சர்வே எண் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். மிகப் பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அப்பா கடைசிக் காலத்தில் ஏதாவது எழுதிக் கொடுத்தாரா, ஒற்றி (அடமானம்) இருக்கிறதா என்பது இதில் தெரியும். பட்டா யார் பெயரில் என்று வருவாய்த்துறை இணையதளத்தில் பாருங்கள். பட்டா அண்ணன் பெயருக்கு மாறிவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் உண்டு. பட்டா மாறியதால் மட்டும் உங்கள் உரிமை போவதில்லை. நாகர்கோவில் கோட்டாட்சியரிடமோ பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடமோ, உங்கள் தாலுகா எந்தக் கோட்டத்தில் வருகிறதோ அங்கே, மேல்முறையீடு செய்யலாம்.

பழைய பிரமாணங்கள் (பத்திரங்கள்) மலையாளத்தில் இருக்கும், தேதி மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். பயப்பட வேண்டாம். ஆங்கில ஆண்டு தெரிய, சிங்க (ஆவணி) மாதத்திலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து 825. உதாரணத்துக்கு, திருவிதாங்கூரில் எல்லாச் சாதியாருக்கும் கோயில் கதவைத் திறந்த பிரகடனம் 1112 துலாம் 27. 824 கூட்டினால் 1936, நவம்பர் 12. மலையாளம் வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். நாலு எல்லையையும் சர்வே எண்ணையும் அவர்களிடம் வாசிக்கச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்.

பேச்சும் பத்திரமும்

முதலில் பேசுங்கள். தனியாகப் போகாதீர்கள், அம்மா இருந்தால் அம்மாவை நடுவில் உட்கார வையுங்கள். அம்மாவின் மூன்றில் ஒரு பங்குதான் அந்த அறையில் பெரிய பங்கு என்பதை ஆண்பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் மயினி (அண்ணன் மனைவி) மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அண்ணன், "சீதனத்துக்கு வாங்கின கடனை அடைச்சது நான்" என்றான். அது உண்மை. அந்த உண்மையை ஒத்துக்கொண்டேன், பங்கையும் விடவில்லை. வெறும் தாளில் "விட்டுக்கொடுத்தேன்" என்று எழுதி வாங்கினால் அது நிலத்தைக் கைமாற்றாது, பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அதனால்தான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவசரமாகக் கூப்பிடுவார்கள். முந்தின நாளே வரைவு கேளுங்கள். தலைப்பு பாகப்பிரிவினையா விடுதலையா தானமா, எந்த சர்வே எண், எவ்வளவு தொகை, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தொகை எழுதியிருந்தால் அது கையில் வந்த பிறகுதான் பேனா எடுக்க வேண்டும். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

என் தங்கச்சி தன் 10 சென்டைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்தாள். அம்மையைப் பார்த்துக்கொண்டது அவன்தான். மதிப்பை எழுதி, வாசித்து, சிரித்துக்கொண்டே போட்டாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பேசி முடியாவிட்டால் வக்கீல் நோட்டீஸ், பிறகு பாகப்பிரிவினை வழக்கு. சொத்து இருக்கும் இடத்தையும் அதன் மதிப்பையும் பொறுத்து குழித்துறை, பத்மநாபபுரம், இரணியல், நாகர்கோவில் நீதிமன்றங்களில் ஒன்றில் வரும். பணம் இல்லை என்று நிற்காதீர்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணாக இருப்பதே இலவச சட்ட உதவிக்குப் போதும், வருமான வரம்பு கிடையாது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ தாலுகா குழுவிலோ வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே அவர்கள் இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசவும் செய்வார்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. ஆண்டுகள் இழுக்கும் வழக்கைவிட இதைத்தான் நான் சொல்வேன். நாள் தள்ளுவது மட்டும் வேண்டாம். கூட்டுச் சொத்தில் ஒருவர் இருப்பது மற்றவரின் உரிமையைத் தானாக அழிக்காது. ஆனால் "உனக்குப் பங்கில்லை" என்று வெளிப்படையாக மறுத்து 12 வருடம் போனால் வம்பாகிவிடும்.

பத்திரம் பதிந்ததோடு வேலை முடிவதில்லை. உட்பிரிவுக்கு மனுக் கொடுத்துத் தனிப்பட்டா வாங்க வேண்டும். சர்வேயர் அளக்க வருகிற நாளில் கட்டாயம் நீங்களே நில்லுங்கள், வீட்டுக்காரரை மட்டும் அனுப்பாதீர்கள். 2003 மே மாதம் எங்கள் விளையை அளந்தார்கள். எனக்குக் கிணற்றுக்குத் தெற்கே, ஏழு தென்னை நிற்கிற துண்டு. அம்மை காலையிலிருந்து வெயிலில் குடையோடு நின்றாள். அண்ணன் இரண்டு முறை உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை. என் துண்டுக்கு நாலாவது கல்லையும் நட்டு மண்ணை மிதித்த பிறகுதான் குடையை மடக்கினாள்.