களிமண் ஏலியன் ஏன் சிரிப்பு மூட்டவில்லை?

2019-இல் வந்த 'ஷான் தி ஷீப்: ஃபார்மகெடான்' படத்தை அக்கா மகனோடு பார்த்தேன். மறுநாள் காலையே கிளே பாக்கெட்டோடு வந்து நின்றான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருக்கும் ஆட்மேன் ஸ்டுடியோவின் படம் அது. பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு புகைப்படமாக எடுத்துக் கோக்கும் 'ஸ்டாப் மோஷன்' வகை. ஒரு பண்ணைப் பக்கமாக வந்து மாட்டிக்கொள்கிறது லூ-லா என்ற குட்டி ஏலியன். அதை ஊருக்கு அனுப்பிவைக்க ஓர் ஆடு படாதபாடு படுகிறது. அவ்வளவுதான் கதை. இதை நாமும் போனில் எடுத்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. முதல் இரண்டு வாரம் எடுத்தது எல்லாம் குப்பைக்குப் போனது.

முதல் காரணம் ஜன்னல். அதன் அருகே மேசையைப் போட்டு எடுத்தால், மேகம் ஒன்று கடக்கும்போதெல்லாம் படம் மின்னி மின்னி அணையும். ஒரு வினாடிக்கு 12 படம் என்று வைத்தாலே 20 வினாடிக்கு 240 படம். அத்தனையும் எடுத்து முடிப்பதற்குள் வெயில் எங்கேயோ போயிருக்கும். திரைச்சீலையை மூடிவிட்டு இரண்டு டேபிள் லாம்ப் போதும். போன் தானாக வெளிச்சத்தையும் ஃபோகஸையும் மாற்றிக்கொள்ளாதபடி பூட்டிவைக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் விளக்கைக் குறை சொல்வார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எடுப்பதும் தப்பு. நீங்கள் முன்னும் பின்னும் நகர, சட்டையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பொம்மைமேல் ஏறி இறங்கும்.

மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது தண்டனைதான். கிளேயும் விளக்குச் சூட்டில் இளகி ஏலியனின் கழுத்து தொங்கும். உள்ளே கட்டுக்கம்பியை இரண்டு இழையாக முறுக்கிவைத்தால் தாங்கும்.

அடுத்தது வசனம். பிள்ளைகள் முதலில் எழுதுவது அதைத்தான், பக்கம் பக்கமாக. பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் மாற்ற வேண்டும் என்று தெரிந்ததும் படமே நின்றுபோகும். அந்த ஆட்டுப் படத்தில் முழு வசனம் என்று ஒன்றுகூடக் கிடையாது. பண்ணைக்காரரே முனகத்தான் செய்வார். எல்லாக் கோபமும் புருவத்திலும் கண்ணிமையிலும் இருக்கிறது. இமைக்கு மட்டும் நாலைந்து கிளே துண்டு செய்துவைத்து மாற்றி மாற்றி ஒட்டினாலே பாதி நடிப்பு வந்துவிடும்.

விண்கலத்துக்கு ஒரு வாரம் செலவழிப்பது இன்னொரு வியாதி. அட்டை, அலுமினியத் தாள், பேட்டரி விளக்கு எல்லாம் ஆனபின் கதைக்குத் தெம்பு இருக்காது. இயக்குநர் நிக் பார்க் 1989-இல் முடித்த 'எ கிராண்ட் டே அவுட்' படத்தைப் பாருங்கள். வீட்டில் சீஸ் தீர்ந்துபோனதால் வாலஸும் அவர் நாய் குரோமிட்டும் நிலாவுக்கு ராக்கெட் விடுகிறார்கள். புறப்படும் நேரத்தில், பிஸ்கட்டை மறந்துவிட்டோம் என்று வாலஸ் வீட்டுக்குள் திரும்ப ஓடுகிறார். நமக்குச் சிரிப்பு வருவது அந்த பிஸ்கட்டால்தான். அறிவியல் புனைகதைக்குள் ஒரு வீட்டுச் சாமான் நுழைந்தால்தான் நகைச்சுவை. தோசைக்கல்லைப் பறக்கும் தட்டாக்குங்கள், அலுமினியத் தாள் மிச்சம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பொம்மையைச் சும்மா விடாமல் ஆட்டிக்கொண்டே இருப்பது. இவ்வளவு கஷ்டப்பட்டு எடுக்கிறோம், அசையாவிட்டால் வீண் என்ற நினைப்பு. ஒரே அளவு தூரம் நகர்த்திக்கொண்டே போனால் ஏலியன் கன்வேயர் பெல்ட்டில் போவது போலிருக்கும். தொடங்கும்போது மயிரிழை, நடுவில் தாராளம், நிற்கும்போது மறுபடி மயிரிழை. நின்றபின் கையை எடுத்துவிடுங்கள். ஏலியன் மிளகாயைக் கடிக்கிறது. உடனே குதிக்கவைத்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். கடித்த முகத்தோடு 12 படம் அப்படியே. பிறகு ஒரே ஒரு கண்சிமிட்டல். இன்னும் 6 படம். அப்புறம் குதிக்கட்டும். நாங்கள் மூன்றாவது வாரத்தில்தான் இதைக் கண்டுபிடித்தோம், அதுவும் பையன் சாப்பிடப் போன நேரத்தில் நான் தவறுதலாகப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்ததால்.

பறக்கும் தட்டை நூலில் தொங்கவிடாதீர்கள். மின்விசிறி நின்றிருந்தாலும் அது ஆடும், நீங்கள் மூச்சுவிட்டாலும் ஆடும். பின்னாலிருந்து ஒரு விறைப்பான கம்பியில் குத்தி நிறுத்துங்கள். பொம்மை, தட்டு எதுவும் இல்லாத வெறும் காட்சியை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், எடிட் செய்யும்போது கம்பி தெரியும் இடத்தில் அதைப் போட்டு மறைத்துவிடலாம். அந்த வெறும் படத்தை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் யாராவது மேசையை இடித்திருப்பார்கள்.