ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும்: அரசுக்கு அனுப்பும் விவரங்களைப் பிழையின்றித் தயாரிப்பது எப்படி?

கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய காலத்தில், செட்டிநாட்டு முதலாளிகள் கடைக்கு அனுப்பிய மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் ஆகிய பணியாளர்களின் மூன்றாண்டுத் தவணையையும் அதற்குரிய ஊதியத்தையும் சம்பளச் சீட்டில் எழுதி வைத்தார்கள். அதே ஊர்களில் இன்று பூக்கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக்கல்) பட்டறையோ, பலகாரக் கூடமோ, பழைய வீட்டைத் திருத்தி அமைத்த தங்கும் விடுதியோ நடத்துகிறவர்கள், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, யாருக்கு என்ன ஊதியம் என்பதை அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். பத்து முதல் ஐம்பது பேர் வரை வைத்திருக்கும் நிறுவனங்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில், உங்கள் நிறுவனம் எந்தெந்தக் கடமைக்குள் வருகிறது என்று பாருங்கள். ஈ.எஸ்.ஐ.க்கு (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு) 10 பேர், வருங்கால வைப்பு நிதிக்கு 20 பேர் என்பது வரம்பு. வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்பும் ஈ.ஆர்.1 படிவத்துக்கு 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி 25 பேர் என்பது வரம்பாக இருந்தது; இப்போதைய வரம்பைத் துறையின் இணையதளத்தில் பாருங்கள். செட்டிநாட்டில் இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். ஆத்தங்குடியில் உள்ள பட்டறை சிவகங்கை மாவட்டத்திலும், பொன்னமராவதியில் உள்ள விற்பனைக் கடை புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருப்பதால், இரண்டும் தனித்தனி என்று எண்ணிக்கொள்கிறார்கள். வைப்பு நிதியைப் பொறுத்தவரை கிளைகள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் பகுதிகளே ஆகையால், பட்டறையில் 17 பேரும் கடையில் 6 பேரும் இருந்தால் மொத்தம் 23 பேர் என்றே கணக்கு. ஒருமுறை வரம்புக்குள் வந்துவிட்ட நிறுவனத்தில் பிறகு ஆள் குறைந்தாலும் கடமை நீங்காது.

அடுத்தது பதிவேடு. எல்லாப் படிவங்களுக்கும் தாயாக ஒரே பதிவேடு இருக்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. வைப்பு நிதிக்கு ஒரு நோட்டு, ஈ.எஸ்.ஐ.க்கு ஒரு நோட்டு, மேஸ்திரியின் கையில் இன்னொரு நோட்டு என்று வைத்திருந்தால் மூன்றும் ஒருநாளும் ஒத்துப்போகாது. நான் சம்பளக் கணக்கு எழுதிய ஒரு பட்டறையில் அப்படி நேர்ந்து, ஒரு படிவத்தில் 23 பேரும் இன்னொன்றில் 31 பேரும் காட்டப்பட்டதால் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை என்றாலும், அதை மெய்ப்பிக்க இரண்டு மாதங்கள் ஆயின.

பதிவேட்டில் பெயர், பாலினம், பிறந்த தேதி, வேலையின் வகை, சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஊதிய விகிதம், யு.ஏ.என். (வைப்பு நிதி உறுப்பினருக்குரிய நிலையான கணக்கு எண்), ஈ.எஸ்.ஐ. எண் ஆகியவை ஒரே வரியில் வரட்டும். பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். நம் பகுதியில் தந்தை பெயரோடு பாட்டனார் பெயரையும் முதலெழுத்துகளாகச் சேர்ப்பதும், திருமணத்துக்குப் பின் பெண்கள் தந்தையின் முதலெழுத்தை விட்டுக் கணவரின் முதலெழுத்தை ஏற்பதும் உண்டு. பதிவேட்டில் ஒன்று, ஆதாரில் வேறொன்று என்றிருந்தால் யு.ஏ.என். இணைப்பு நின்றுபோகும், பல ஆண்டுகள் கழித்துப் பணத்தை எடுக்கப் போகும் நாளில்தான் அந்தப் பெண்ணுக்கு இது தெரியவரும். வேலைக்குச் சேரும் நாளிலேயே ஆதார் நகலைப் பார்த்து எழுதினால் ஐந்து நிமிட வேலை. பாலினத்தை நீங்களாக ஊகிக்காமல், அவர் சொல்வதையும் ஆவணத்தில் உள்ளதையும் கொண்டு நிரப்புங்கள். திருநர்களுக்குத் தனிக் குறியீடு உண்டு.

பதிவேட்டில் விடுபடுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பது என் அனுபவம். அச்சில் வண்ணம் ஊற்றும் ஆணின் பெயர் முதல் நாளே ஏறிவிடும். காய்ந்த கல்லைத் தண்ணீர்த் தொட்டிக்குச் சுமந்து செல்லும் பெண் மட்டும் ‘கூடமாட ஒத்தாசைக்கு வருகிறவர்’ என்று மேஸ்திரியின் நோட்டிலேயே தங்கிவிடுவார். இது எண்ணிக்கைப் பிழை மட்டுமன்று. ஈ.எஸ்.ஐ.யில் 26 வார மகப்பேற்றுப் பயன் பெறுவதற்கு, அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாள்களுக்குப் பங்களிப்பு செலுத்தியிருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. நீங்கள் எழுதாமல் விட்ட நாள்கள் அவருடைய கணக்கில் இல்லாத நாள்களாகிவிடும். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்களுக்கும் இதே கவனம் தேவை. ஒப்பந்தக்காரர் பங்களிப்பைச் செலுத்தாவிட்டால் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவரான உங்களையே சேரும்.

ஊதியத்தை எழுதும்போது கையில் கொடுத்த தொகையை எழுதக் கூடாது. சம்பாதித்த தொகையை எழுத வேண்டும். கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவர் மாதத்தில் 12,000 ரூபாய் சம்பாதித்து, திருவிழாவுக்கு வாங்கிய முன்பணத்துக்காக 2,000 ரூபாய் பிடிக்கப்பட்டால், அவர் ஊதியம் 12,000தான். அதில் வைப்பு நிதிக்குத் தொழிலாளியின் 12 விழுக்காடு 1,440 ரூபாய். நீங்கள் செலுத்தும் 1,440 ரூபாயில் 1,000 ஓய்வூதியக் கணக்குக்கும் 440 வைப்பு நிதிக்கும் போகும். ஈ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியின் 0.75 விழுக்காடு 90 ரூபாய், உங்கள் 3.25 விழுக்காடு 390 ரூபாய். இரண்டையும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். வைப்பு நிதிக்கு மாதந்தோறும் இணையத்தில் ஏற்றும் இ.சி.ஆர். என்னும் கணக்குக் கோப்பில் மொத்த ஊதியத்துக்கும் பங்களிப்புக்குரிய ஊதியத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. இரண்டிலும் ஒரே எண்ணை இடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை தரும் தீபாவளி போனஸ் இந்தப் பங்களிப்புக் கணக்கில் சேராது.

ஈ.ஆர்.1 படிவம் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் கடைசி நாளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை ஆண், பெண் எனப் பிரித்துக் கேட்கும். முப்பது நாள்களுக்குள் அனுப்ப வேண்டும். உடன் உழைக்கும் பங்குதாரர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் சேர்வார்கள். பகுதிநேரத் தொழிலாளர்களும் பயிற்சியாளர்களும் சேரமாட்டார்கள். ஆகவே மற்றப் படிவங்களின் எண்ணிக்கையிலிருந்து இது வேறுபடுவது இயல்பே. செப்டம்பர் சம்பளப் பட்டியலில் 31 பேர் இருக்கிறார்கள், அனைவரும் வைப்பு நிதி உறுப்பினர்கள் என்று கொள்வோம். இ.சி.ஆர். 31 காட்டும். சேரும்போதே 21,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெற்ற மேலாளர்கள் இருவரைக் கழித்தால் ஈ.எஸ்.ஐ. 29 காட்டும். ஈ.ஆர்.1 படிவத்திலோ, 20ஆம் தேதி விலகிய இருவரையும் பகுதிநேரமாகக் கூட்டிப் பெருக்கும் ஒருவரையும் கழித்து, பங்குதாரர் இருவரைச் சேர்த்தால் 30 வரும். மூன்று எண்களும் சரியே. ஆனால் ஏன் சரி என்பதை அரைப் பக்கத்தில் எழுதி, ஒப்புகைச் சீட்டோடு சேர்த்துக் குத்தி வைக்காவிட்டால் அடுத்த ஆண்டு உங்களுக்கே நினைவிருக்காது.

1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் டி படிவம், ஒவ்வொரு வேலை வகையிலும் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, ஊதிய விகிதம் என்ன என்று கேட்டது. அச்சட்டத்தின் இடத்துக்கு ஊதியச் சட்டத் தொகுப்பு வந்த பின்னும் அந்த அட்டவணையை ஆண்டுக்கு ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். திறன், உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவை ஒன்றாக உள்ள வேலைக்குப் பாலினத்தைக் காரணம் காட்டி ஊதியத்தை வேறுபடுத்தக் கூடாது. பலகாரக் கூடத்தில் முறுக்குச் சுற்றும் பெண்ணும் அதே முறுக்கைச் சுற்றும் ஆணும் ‘உதவியாளர்’, ‘மாஸ்டர்’ என்று வெவ்வேறு பெயரில் பதிவாகியிருந்தால், பெயரைப் பார்க்காமல் கை செய்யும் வேலையைப் பார்த்து வகைப்படுத்துங்கள். வேறுபாடு தெரியவந்தால் குறைந்த ஊதியத்தை உயர்த்தித்தான் சமன் செய்ய வேண்டும். கூடுதலாகப் பெறுகிறவருக்குக் குறைக்கச் சட்டம் இடம் தராது.

2025 நவம்பர் 21 அன்று, ஊதியச் சட்டத் தொகுப்பு உள்ளிட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. மாறும் காலத்தில் பழைய விதிகளும் தொடர்கின்றன. எனவே ஒவ்வொரு முறையும் சென்ற ஆண்டுப் படிவத்தை நகலெடுத்து நிரப்பாமல், உரிய துறையின் இணையதளத்தில் அன்று உள்ள படிவத்தையே பதிவிறக்கிப் பயன்படுத்துங்கள்.