ரத்தக்கழிச்சல் தடுப்பூசி: குஞ்சு வந்த பிறகு செய்யும் தவறுகள்

போன வாரம், புதிதாகப் பண்ணை போட்ட தம்பி ஒருவர் படம் அனுப்பினார். ரத்தக்கழிச்சல் தடுப்பூசி போட்ட பத்து நாள் குஞ்சுகள், கீழே புதுத் தேங்காய் நார்த்தூள். "தரையில போட்டிருந்த பழைய கூளத்தை எல்லாம் சுரண்டி எடுத்துட்டேங்கண்ணா" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கூளத்தை அள்ளாதீர்கள்

தடுப்பூசியை முட்டையிலேயே 18ஆம் நாள் ஊசியால் ஏற்றினாலும் சரி, பொரித்த அன்று மேலே தெளித்தாலும் சரி, உள்ளே போவது உயிருள்ள ஐமீரியா, அதாவது ரத்தக்கழிச்சலை உண்டாக்கும் அதே குடல் ஒட்டுண்ணி. அது குடலில் பெருகி, ஒரு வாரத்துக்குள் எச்சத்தோடு வெளியே வரும். கூளத்தின் ஈரத்திலும் சூட்டிலும் ஓரிரு நாள் பக்குவப்பட்டு, குஞ்சு கொத்தும்போது மறுபடி உள்ளே போகும். இப்படி இரண்டு மூன்று சுற்று ஓடினால்தான் எதிர்ப்புச் சக்தி பிடிக்கும். பத்தாம் நாள் கூளத்தை அள்ளினால் அடுத்த சுற்று மருந்தையே அள்ளிக் கொட்டுகிறோம்.

நானும் அள்ளினேன். 600 நாட்டுக்கோழிக் குஞ்சு. சுத்தமாக இருந்தால் நோய் வராது என்று நம்பி, தரையைச் சுரண்டி, சுண்ணாம்பு தூவி, புதுத்தூள் பரப்பினேன். 26ஆம் நாள் விடியலில் போய்ப் பார்த்தால் கூளத்தில் அங்கங்கே ரத்தத் திட்டு. குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப்போட்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. செத்ததை அறுத்தால் குருட்டுக்குடல் இரண்டும் ரத்தம் கட்டிப் புடைத்திருந்தன. நான்கு நாளில் 140 போய்விட்டன. பத்து வருஷம் ஆகியும் அந்த ஒரு நாள் வேலையை நினைத்தால் எரிச்சல் அடங்கவில்லை.

தண்ணீர்க் குடுவையைச் சுற்றிக் கட்டி தட்டியதை மட்டும் எடுங்கள். மிச்சத்தைக் கிளறி விட்டால் போதும்.

ஒரேயடியாகக் காயவிடாதீர்கள்

ஒரு கைப்பிடி கூளத்தை இறுக்கிப் பிடியுங்கள். லேசாகச் சேர்ந்து, கையை விரித்ததும் உதிர வேண்டும். தூசியாகப் பறந்தால் கிருமி பக்குவப்படாது. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், நோயே கிளம்பிவிடும்.

தீவன மூட்டை

சீட்டில் சாலினோமைசின், மொனென்சின், ஆம்புரோலியம் என்ற ரத்தக்கழிச்சல் மருந்துகள் இருந்தால் வாங்காதீர்கள். தடுப்பூசிக் கிருமியையும் அது அடக்கிவிடும்.

கம்பி வலைத் தரை

வேண்டாம். எச்சம் கீழே விழுந்துவிடும்.

ஃபிரீசர்

உறைந்த தடுப்பூசி செத்த தடுப்பூசி. 2 முதல் 8 டிகிரிதான்.

தம்பியை மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் காலையில் எச்சத்தைக் குனிந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கால்நடை மருத்துவரிடமும் இப்போதே பேசிவைத்துவிட்டார்.