ஸ்டியரிங் உதறாமல் இருக்க பிரேக்கை எப்படி மேம்படுத்துவது: பெரிய டிஸ்க் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

வேகமான கார் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. புது டிஸ்க் (வீலோடு சேர்ந்து சுற்றுகிற பிரேக் தட்டு) போட்டுச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும், 100 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் பிடித்தால் மறுபடியும் ஸ்டியரிங் உதறுகிறது. மெக்கானிக்கிடம் போனால் "டிஸ்க் பெண்ட் ஆயிடுச்சு சார்" என்பார், லேத்தில் போட்டுச் சீவித் தருவார், கொஞ்ச நாள் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான். உடனே நாம் என்ன செய்கிறோம்? பெரிய டிஸ்க், ஆறு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) என்று லட்சக்கணக்கில் செலவு செய்யக் கிளம்பிவிடுகிறோம். அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைசியில் செய்ய வேண்டிய செலவை முதலில் செய்தால், அந்தப் பெரிய டிஸ்க்கும் அதே மாதிரி உதறத்தான் போகிறது.

காரணம் இதுதான். வார்ப்பிரும்பு டிஸ்க் ரோட்டில் ஓட்டுகிற சூட்டுக்கு அவ்வளவு லேசில் வளையாது. உதறலுக்குப் பெரும்பாலும் காரணம், டிஸ்க்கின் கனம் சுற்றிவர ஒரே அளவில் இல்லாமல் போவது. இது இரண்டு வழியில் நடக்கும். ஒன்று, டிஸ்க் ஹப்பில் (வீலும் டிஸ்க்கும் மாட்டுகிற நடுப்பாகம்) துளி கோணலாக உட்கார்ந்திருப்பது. அப்படி இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் பேடை (காலிப்பருக்குள் இருந்து டிஸ்க்கை அழுத்துகிற கட்டை) உரசிக்கொண்டே போகும், நீங்கள் பிரேக் மிதிக்காதபோதும். நாளாவட்டத்தில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும், 0.02 மி.மீ. வித்தியாசமே கையில் தெரியும். புது டிஸ்க் போட்ட அன்றைக்கு எதுவும் தெரியாமல் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து உதறல் தொடங்குவது இதனால்தான். இன்னொன்று, பேடின் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்வது. பேடால் தாங்க முடியாத சூட்டில் பிரேக் பிடித்துவிட்டு, பெடலிலிருந்து காலை எடுக்காமல் அப்படியே நின்றால் பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும். அந்தத் திட்டு மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடாகும், 650, 700 டிகிரியைத் தாண்டும்போது அங்கே இரும்பே சிமென்டைட் என்கிற கெட்டிப் பொருளாக மாறத் தொடங்கும். அது ஒரு முறை வந்துவிட்டால் மேலோட்டமாகச் சீவுவதில் பயனில்லை. சுற்றியுள்ள இடம் தேயும், அது மட்டும் மேடாக நிற்கும்.

டூல் பெட்டியைத் திறப்பதற்கு முன் உதறல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிரேக்கைத் தொடாமலே 90, 100-ல் உதறினால் அது வீல் பேலன்ஸ். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன்பக்க டிஸ்க், சீட்டில் மட்டும் தெரிந்தால் பின்பக்கம். சஸ்பென்ஷனின் லோயர் ஆர்மில் இருக்கிற ரப்பர் புஷ் போயிருந்தால் சின்ன உதறலும் பெரிதாகத் தெரியும், அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இப்போது வேலைக்கு வருவோம். வீலைக் கழற்றி, காலிப்பரைக் கழற்றி ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள் (பிரேக் ஓஸிலேயே தொங்கவிடுகிற பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் உண்டு, அனுமதிக்காதீர்கள்). டிஸ்க்கை எடுத்ததும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். நடுக் கழுத்தைச் சுற்றியும் போல்ட் ஓட்டைகளின் விளிம்பிலும் துரு செதில் செதிலாக நிற்கும், கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். கண்ணுக்கே தெரியாத அந்தச் செதில் ஒன்று டிஸ்க்குக்கு அடியில் மாட்டினால், விளிம்பில் அதைவிடப் பெரிய ஆட்டமாக வெளிப்படும். வயர் பிரஷும் உப்புத்தாளும் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துணியால் துடைத்துவிடுங்கள். அங்கே கிரீஸை அப்பாதீர்கள். டிஸ்க்கின் உள்முகத்தையும் அதே மாதிரி சுத்தம் செய்து மாட்டி, எல்லா வீல் போல்ட்டுகளையும் வாஷர் வைத்து இறுக்கிவிட்டு, டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தைக் காட்டுகிற முள் மீட்டர்) வெளிவிளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் டிஸ்க்கை ஒரு போல்ட் ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள், பல சமயம் அதிலேயே சரியாகிவிடும். எந்த நிலையிலும் சரியாகவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஹப்பின் முகத்திலேயே கேஜை வையுங்கள், கோணல் அங்கேதான் இருக்கும். காந்த ஸ்டாண்டுடன் டயல் கேஜ் ஒன்றும் பெரிய விலையில்லை, புது டிஸ்க் செட்டின் விலைக்கு முன்னால் அது ஒரு செலவே இல்லை.

அடுத்து வீல் போல்ட். பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைத்து டர்ர்ர் என்று இறுக்குகிறார்களே, அதில் ஒரு போல்ட் 80 நியூட்டன் மீட்டரிலும் பக்கத்துப் போல்ட் 200-லும் நிற்கலாம். அந்த ஏற்றத்தாழ்வு டிஸ்க்கின் நடுப்பகுதியையே இழுத்துக் கோணலாக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களின் எம்14 போல்ட்டுக்கு 120 நியூட்டன் மீட்டர். உங்கள் காருக்கு எவ்வளவு என்று மேனுவலில் பார்த்து, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பேனர்) வைத்து நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை சோதியுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் சூட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் உண்டு. 1400 கிலோ கார் 100-லிருந்து நின்றால் பிரேக்குக்குப் போகிற சக்தி சுமார் 540 கிலோஜூல். அதில் எழுபது சதவீதம் முன்பக்கம் போகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டுக் கிலோ டிஸ்க் ஒன்று ஒரே பிடியில் சுமார் 50 டிகிரி சூடாகும். 140-லிருந்து நிறுத்தினால் அது ஏறக்குறைய இரட்டிப்பு. மலை இறக்கம் இன்னும் மோசம். ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் வெளியேற வேண்டிய சக்தி, 100-லிருந்து இருபத்தைந்து முறை நிறுத்துவதற்குச் சமம். கார் எத்தனை கிலோ என்பது இந்தக் கணக்கில் வராது, எல்லாக் காருக்கும் ஒன்றுதான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஆட்டோமேட்டிக் கியரை டிரைவில் போட்டு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்கள் அடிவாரத்தில் நிற்கும்போது வருகிற அந்தக் கருகல் வாசனை இந்தக் கணக்குதான்.

ஆகவே முதல் உண்மையான அப்கிரேடு பேடும் பிரேக் ஆயிலும். கம்பெனி பேடுகள் காலை குளிரிலும் சத்தமில்லாமல் பிடிக்கச் செய்தவை, ரேஸ் டிராக்கின் சூட்டுக்கு அல்ல. ரோட்டிலும் ஓட்டி, எப்போதாவது சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி டிராக்கிலோ இறங்குகிறவருக்கு ஃபெரோடோ டிஎஸ்2500, இபிசி யெல்லோஸ்டஃப் ரகப் பேடுகள் போதும். முழு ரேஸ் பேடை ரோட்டுக்குப் போடாதீர்கள், ஆறிய நிலையில் சரியாகப் பிடிக்காது, டிஸ்க்கையும் அரித்துத் தின்னும். ஆயில் விஷயத்தில் கவனிக்க வேண்டியது கொதிநிலை. டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை) என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி, ஈரம் உறிஞ்சிய பிறகு 155. டாட் 5.1-க்கு 260, 180. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்றவை புதிதில் 300-ஐத் தாண்டும், ஆனால் டிராக்குக்குப் போகிறவர் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். சாதாரண ரோடு கார் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு, அது சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. ஸ்டீல் பின்னிய ஓஸ் போட்டால் பெடல் கெட்டியாகும், நல்ல விஷயம்தான், ஆனால் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

புதுப் பேடும் டிஸ்க்கும் போட்ட அன்று செய்ய வேண்டிய வேலையைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். புது இரும்பு தோசைக்கல்லைப் பழக்காமல் மாவை ஊற்றினால் எப்படி அங்கங்கே ஒட்டிக்கொள்ளுமோ, அதே கதைதான் இங்கேயும். பேடின் பொருள் டிஸ்க் முழுக்க மெல்லிய, சீரான படலமாகப் படிய வேண்டும். காலையில் காலியான ரோட்டில், பின்னால் யாரும் வராதபோது, முதலில் 60-லிருந்து 10 வரை ஐந்தாறு முறை மிதமாகப் பிடியுங்கள். பிறகு 90-லிருந்து 15 வரை எட்டுப் பத்து முறை, ஏபிஎஸ் வேலை செய்யாத அளவுக்குக் கொஞ்சம் அழுத்தமாக, ஒன்றின்பின் ஒன்றாக. எந்தப் பிடியிலும் கார் முழுவதும் நிற்கக் கூடாது, அதுதான் முக்கியம். நடுவில் வாசனை வரும், கொஞ்சம் புகைகூட வரலாம், பயப்பட வேண்டாம். முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் கம்பெனி தன் அட்டையில் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது ஓட்டை போட்டதைத் தவிர்த்துவிடுங்கள். பார்க்க அழகு, ஆனால் டிராக் சூட்டில் ஓட்டையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் தொடங்கும். கோடு வெட்டியது பரவாயில்லை. என் கையில் பணம் இருந்தால் நல்ல கம்பெனியின் வெற்று டிஸ்க்கையே வாங்குவேன், ஏனென்றால் சூட்டை வாங்கி வைத்துக்கொள்வது இரும்பின் எடைதான். உள்ளே காற்றோட்டத் தகடுகள் வளைந்திருந்தால் இடது வலது வேறுவேறு, அதைக் குறித்து வையுங்கள். தகடுகள் சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். வெளியே வெட்டிய கோட்டைப் பார்த்துத் திசையை முடிவு செய்பவர்கள் அநேகம், அது சரியான அடையாளம் இல்லை. பழைய டிஸ்க்கைச் சீவுவதாக இருந்தால் அதிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனால் குப்பைக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் சூடு அடங்கவில்லை என்றால் பெரிய டிஸ்க். இதில் மலிவான நல்ல வழி, அதே குடும்பத்தின் வேகமான காரிலிருந்து எடுப்பது. ஆக்டேவியா 1.8-ல் முன்பக்கம் 312 மி.மீ., ஆர்எஸ் மாடலில் 340 மி.மீ., கனமும் அதிகம். காலிப்பர், பிராக்கெட், பேட் எல்லாம் ஒரே செட்டாக எடுங்கள், டிஸ்க்கை மட்டும் வாங்கி வந்து முழிக்காதீர்கள். 340-க்கு 17 அங்குல வீலாவது வேண்டும், சில 17 அங்குல அலாய்களில்கூட ஸ்போக் காலிப்பரில் இடிக்கும், வாங்குவதற்கு முன் காலிப்பரின் வடிவத்தை அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். வேறு கம்பெனியின் ஆறு பிஸ்டன் செட் என்றால் பிஸ்டன் பரப்பளவைக் கேளுங்கள். பழையதைவிட ரொம்ப அதிகமானால் பெடல் ஆழமாகப் போகும், பிரேக் முன்பக்கமே சாய்ந்து பின்பக்கம் சும்மா சுற்றும், நிற்கிற தூரம் கூடவும் செய்யலாம்.

டிராக்குக்குத் தொடர்ந்து போகிறவர் என்றால் காற்றுக் குழாயை மறக்காதீர்கள். பம்பரில் பாக் லேம்ப் இருக்கிற இடத்திலிருந்து 60, 70 மி.மீ. குழாய் ஒன்றை ஹப்பின் நடுவுக்குக் கொண்டுபோனால் போதும், காற்று தகடுகளின் வழியே தானாக வெளியே வரும். ஒரு பக்க முகத்தில் மட்டும் ஊதும்படி வைத்தால் ஒரு பக்கம் ஆறி மறுபக்கம் கொதித்து டிஸ்க் கிண்ணம்போல் மடங்கும். நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்கள் அந்தக் குழாயை விட்டுவைக்காது, அதனால் டிராக் நாளில் மட்டும் மாட்டுகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். சூட்டை அளக்க லேசர் கன் வைத்துப் பார்த்தால், பளபளக்கிற டிஸ்க் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். டிஸ்க் விளிம்பில் பூசுகிற வெப்பப் பெயிண்ட் நம்பகமானது, பச்சை 430-ல், ஆரஞ்சு 560-ல், சிவப்பு 610-ல் நிறம் மாறும்.

ஓட்டுகிற விதத்தில் இரண்டே விஷயம். இறக்கத்தில் கியரைக் குறைத்துக்கொண்டு, தேவையானபோது அழுத்திப் பிடித்து முழுவதுமாக விடுங்கள், காலை லேசாக வைத்தபடியே கிலோமீட்டர் கணக்கில் தேய்க்காதீர்கள். டிராக்கிலிருந்து பிட்டுக்கு வந்ததும் அல்லது மலை இறங்கி டோல்கேட்டில் நின்றதும் பெடலை மிதித்துக்கொண்டு நிற்காதீர்கள், ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம். சமதரையில் கியரில் போட்டு நிறுத்துங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். சூடான டிஸ்க்கில் தண்ணீர் பீய்ச்சுகிற வாட்டர் வாஷ் கடைக்கு அன்றைக்குப் போகவே போகாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரு பக்கம் மட்டும் சூடு அதிகம், உதறல் திரும்பி வருகிறது என்றால் காலிப்பரின் ஸ்லைடு பின்னை (காலிப்பர் பக்கவாட்டில் நகர்கிற கம்பி) இழுத்துப் பாருங்கள். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சாதாரண மஞ்சள் கிரீஸ் போட்டிருந்தால் உள்ளே ரப்பர் ஊதி, பின் இறுகி, பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். துடைத்தெடுத்து, ரப்பரை மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கான் கிரீஸைப் போடுங்கள்.