முன்பக்க யூஎஸ்பி வயரைக் கடைசி வேலையாக வைக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை செந்தூலில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகன் மூன்று மாதம் பணம் சேர்த்து, கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட்டில் ஒவ்வொரு சாமானாக வாங்கி, ஹாலில் பாய் விரித்துத் தன் முதல் கணினியைப் பூட்டிக்கொண்டிருந்தான். "எல்லாம் முடிஞ்சிருச்சுண்ணே, முன்னாடி யூஎஸ்பி வயர் மட்டும்தான் பாக்கி" என்றான். எனக்குப் பகீர் என்றது. 2013-இல் நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "கையை எடு" என்று சொல்வதற்குள் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டான்.

திருகை இறுக்கிக் கெடுக்காதே, ஈரக் கையோடு தொடாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன்.

19 பின் தலையைப் பார்க்காமல் அமுக்குவது

கேசிங்கின் (கணினிப் பெட்டி) முன்பக்க யூஎஸ்பி துளைகளை மதர்போர்டோடு இணைப்பது இந்த வயர்தான். யூஎஸ்பி 3 கேபிள் பென்சில் தடிமன் இருக்கும், லேசில் வளையாது. மதர்போர்டில் அது உட்காரும் இடத்தில் இரண்டு வரிசையாக 19 பின், அதாவது மெல்லிய உலோகக் கம்பிகள், சுற்றிலும் ஒரு பிளாஸ்டிக் சுவர். சுவரில் ஒரு வெட்டு, கேபிள் தலையில் ஒரு துருத்தல்; இரண்டும் நேராகச் சேர்ந்தால்தான் இறங்கும். இதைக் கடைசிக்கு விட்டால் அதற்குள் கிராபிக்ஸ் கார்டு ஏறியிருக்கும், பக்கத்திலேயே 24 பின் பவர் கேபிள் அடைத்துக்கொண்டு நிற்கும், வெளிச்சமும் போகாது, அதனால் கையை விட்டுத் தடவிப் பார்த்து ஒரே அமுக்கு. சரியாக இறங்கும்போதும் இறுக்கம், கோணலாக இறங்கும்போதும் அதே இறுக்கம், கைக்கு வித்தியாசமே தெரியாது. இவ்வளவு மெல்லிய பின்னுக்கு ஏன் இவ்வளவு முரட்டுக் கேபிளைக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

என் கதையைக் கேளுங்கள். கோணலாகப் போனது தெரிந்ததும் கேபிளைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டி இழுத்தேன். தலையோடு சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக் சுவரே கழன்று வந்துவிட்டது. பின்கள் மொட்டையாக நின்றன, இரண்டு சாய்ந்திருந்தன. ஒன்றை நிமிர்த்தினேன், இன்னொன்று ஒடிந்தது. 420 வெள்ளி போர்டு, வாங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பின் வளைந்தால் வாரண்டி கிடையாது என்று கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். மோனோரயிலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தது மறக்கவில்லை.

முன்பக்க யூஎஸ்பி வேலை செய்யாமல் போவதோடு இது நின்றால் பரவாயில்லை. அந்த 19-இல் 5 வோல்ட் வரும் பின்களும் உண்டு. வளைந்த ஒரு பின் அதைத் தரைப் பின்னோடு (கிரவுண்ட்) இணைத்துவிட்டால், சில போர்டுகள் யூஎஸ்பியில் மின்சாரம் மிஞ்சுகிறது என்று திரையில் காட்டிவிட்டு 15 விநாடியில் அணைந்துவிடும். புதியவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டு, நன்றாக இருப்பதை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, போர்டைக் கேசிங்கில் திருகிய கையோடு, கார்டு போடும் முன்பே, இந்தக் கேபிளைச் செருகிவிடுங்கள். போன் டார்ச்சை அடித்து வெட்டு எந்தப் பக்கம் என்று பாருங்கள். தலையை மேலே வைத்து, நாலு பக்கமும் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு, இரண்டு கட்டைவிரலாலும் நேராக அழுத்துங்கள். கழற்றும்போது பிடிக்க வேண்டியது தலையை, கேபிளை அல்ல. இன்னொரு விரலால் போர்டின் பிளாஸ்டிக் சுவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகத் தூக்குங்கள். கேபிளைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் கேசிங் மூடியைச் சாத்தும்போது அது தலையை இழுக்கும்.

தம்பிக்கு ஒரே ஒரு பின்தான் சாய்ந்திருந்தது. மெக்கானிக்கல் பென்சிலில் முள்ளை எடுத்துவிட்டு, அதன் காலி முனையைப் பின்மேல் மாட்டி மெதுவாக நிமிர்த்தினோம். இதை ஒரு தடவைதான் செய்யலாம், திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும்.

9 பின் யூஎஸ்பி 2 வயரை ஆடியோவில் திணிப்பது

போர்டில் யூஎஸ்பி 2 செருகுமிடமும் முன்பக்க ஆடியோ செருகுமிடமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். யூஎஸ்பியில் பின் இல்லாத இடம் மூலையில் இருக்கும், ஆடியோவில் மூலைக்கு ஒரு பின் முன்னால். போர்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

பழைய போர்டில் 1394

1394 என்பது ஃபயர்வயர் என்ற பழைய இணைப்புக்கான செருகுமிடம். அங்கே யூஎஸ்பியைச் செருகாதீர்கள், 12 வோல்ட் வரும்.

19 பின்னை 9 பின்னாக மாற்றும் அடாப்டர்

வேலை செய்யும். ஆனால் 5 ஜிகாபிட் வேகம் 480 மெகாபிட்டாகிவிடும், அப்புறம் பென்டிரைவைத் திட்டக்கூடாது.

டைப்-சி

கேசிங்கின் முன்பக்கம் டைப்-சி இருந்தால் போர்டில் அதற்குத் தனிச் செருகுமிடம் வேண்டும், விலை குறைந்த பல போர்டுகளில் அது இருக்காது. கேசிங் வாங்கும் முன்பே பாருங்கள்.

சுவிட்ச்

கணினியை அணைத்தாலும் போர்டில் 5 வோல்ட் நிற்கும். பவர் சப்ளையின் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்து, போர்டில் விளக்கு அவிந்த பிறகு கை வையுங்கள்.