செக்கு எண்ணெய்க் கடைக்கு மின்னஞ்சல் பட்டியல்: முதல் 300 பேரைச் சேர்ப்பது எப்படி?

சொந்தச் செக்கு, ஒரு சிறு கடை, வெளியூருக்குக் கூரியர், மாதம் சில நூறு பில். இப்படி ஒரு தொழிலை வைத்துத்தான் இந்தச் செய்முறையை விளக்குகிறோம். மசாலாப் பொடி, நாட்டு விதை, கைத்தறி என்று திரும்பத் திரும்ப வாங்கும் பொருள் எதை விற்றாலும் இதே வழி பொருந்தும். எண்ணெய்யை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், ஒரு வீட்டில் டின் எப்போது தீரும் என்று கடைக்காரருக்கு ஏறக்குறையத் தெரியும். தீர்வதற்கு நாலு நாள் முன்பு போய்ச் சேரும் மெயிலை ஆட்கள் திறந்து பார்ப்பார்கள்.

வாட்ஸ்அப் இருக்க மெயில் எதற்கு என்று கேட்கலாம். வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான். உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். கணக்கு முடங்கினால் அத்தனையும் போச்சு. மின்னஞ்சல் பட்டியல் உங்கள் கையில் இருக்கும் கோப்பு. இன்று ஒரு சேவையில் வைத்திருந்து நாளை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். 'பார்சல் கிளம்பிவிட்டது' என்பதற்கு வாட்ஸ்அப் போதும். கடலை விலை ஏன் ஏறியது என்று விளக்க மெயில்தான் தோது.

1. எதற்காகச் சேர வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

'எங்கள் செய்திமடலில் இணையுங்கள்' என்று எழுதினால் யாரும் இணைய மாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: 'எந்த நாளில் எந்த எண்ணெய் ஆட்டுகிறோம் என்பதை 2 நாள் முன்பே மெயிலில் சொல்கிறோம். மாதம் 2 மெயில் மட்டும்.' என்ன கிடைக்கும், எத்தனை முறை வரும் என்ற இரண்டும் இதில் இருக்கின்றன. புது எண்ணெய் வேண்டும் என்பவர் மட்டுமே இதற்குக் கை தூக்குவார். உங்களுக்குத் தேவையானவரும் அவர்தான்.

சேருபவர்களுக்கு 10 சதவீதத் தள்ளுபடி தந்தால் எண்ணிக்கை வேகமாக ஏறும். ஆனால் தள்ளுபடிக்காக வந்தவர் அதை வாங்கியதும் அடுத்த மெயிலைத் திறக்கவே மாட்டார். குலுக்கல் பரிசு இதைவிட மோசம். பாதிப்பேர் பயன்படுத்தாத முகவரியைத்தான் எழுதிப் போடுவார்கள். எதையாவது தந்தே ஆக வேண்டுமென்றால், பட்டியலில் இருப்பவர்களுக்கு முன்பதிவு உரிமை தாருங்கள். அதற்கு உங்களுக்குச் செலவில்லை, எண்ணெய் வாங்காதவருக்கு அதனால் பயனும் இல்லை.

2. சொந்த டொமைன், ஒரு அனுப்பும் சேவை

சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத கட்டம்) 200 பேரைப் போட்டு அனுப்பாதீர்கள். அதற்கு நாளொன்றுக்கு 500 பேர் என்ற வரம்பு இருப்பது ஒருபுறம். விலகும் வழியோ, யாருக்குப் போகவில்லை என்ற கணக்கோ அதில் கிடையாது என்பதுதான் பெரிய குறை. பட்டியலுக்கு மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் சேவையில் கணக்குத் தொடங்கிவிட்டு, அனுப்புநர் முகவரியாக ஜிமெயில் முகவரியைப் போடுவதும் தவறு. அந்த மெயில் ஸ்பேமுக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

கடை பெயரில் ஒரு டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வாங்கி, அதில் 'கடை' அல்லது 'வணக்கம்' போன்ற முகவரி ஒன்றை உருவாக்குங்கள். 'பதில் அனுப்ப வேண்டாம்' என்ற வகை முகவரி வேண்டாம். பதில் வருவது நல்லது. பிறகு ஜோஹோ கேம்பெயின்ஸ், பிரெவோ, மெயிலர்லைட், மெயில்சிம்ப் போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 300 பேருக்கு எதுவும் போதும். இலவசத் திட்டத்தின் வரம்புகள் அடிக்கடி மாறுவதால் சேரும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. மூன்று ரெக்கார்டுகள்

இந்த வேலைக்கு அரை மணி நேரம் போதும். ஆனால் இதை விட்டுவிட்டால் மற்ற எல்லா உழைப்பும் ஸ்பேம் பெட்டிக்குப் போகும். டொமைன் வாங்கிய தளத்தில் டிஎன்எஸ் பகுதியை (டொமைனுக்கான பதிவு வரிகள், அதாவது ரெக்கார்டுகள், இருக்கும் இடம்) திறந்து, அனுப்பும் சேவை தரும் மதிப்புகளை அப்படியே ஒட்டுங்கள்.

எஸ்பிஎஃப்: இந்த டொமைன் பெயரில் அனுப்ப யாருக்கு அனுமதி என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டுதான் இருக்கலாம். ஏற்கெனவே அலுவலக மெயிலுக்காக ஒன்று இருந்தால், புதிதாக இரண்டாவது சேர்க்காமல் பழையதற்குள்ளேயே புதுச் சேவையையும் நுழைக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

டிகிம்: ஒவ்வொரு மெயிலிலும் வைக்கப்படும் மின் கையொப்பம். டிமார்க்: மேலே சொன்ன இரண்டும் தவறினால் மெயிலை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் கொள்கை. தொடக்கத்தில் அதை 'none' (எதுவும் செய்ய வேண்டாம்) என்ற நிலையில் வைத்தால் போதும்.

2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மெயில் அல்லது அதற்கு மேல் அனுப்புவோருக்கு இந்த மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது. ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் அதில் அடக்கம். யாஹூவும் அதே சமயத்தில் இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. உங்கள் எண்ணிக்கை அந்த அளவுக்கு வராது. ஆனாலும் சிறிய அனுப்புநருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இருந்தே ஆக வேண்டும். மூன்றையும் போட்டுவிடுவதே நல்லது.

4. படிவம்: இரண்டே கட்டங்கள்

மின்னஞ்சல் முகவரி, பெயர். பிறந்தநாள், பின்கோடு, செல்போன் எண் எல்லாம் கேட்டால் பாதியில் மூடிவிட்டுப் போவார்கள்.

பெயர்க் கட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தச் சேவைகளின் படிவங்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்தே வரும். நம் ஆட்கள் முதல் கட்டத்தில் இனிஷியலை எழுதுவார்கள். பிறகு உங்கள் மெயில் 'வணக்கம் எம்' என்று தொடங்கும். இந்த இரண்டு பெயர்க் கட்டங்களையும் நீக்கிவிட்டு, 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று ஒரே கட்டம் வையுங்கள். அதைக் காலியாக விட்டவருக்கு 'வணக்கம்' என்று மட்டும் போகும்படி மாற்று மதிப்பு கொடுத்துவையுங்கள்.

கேப்ச்சா (நிரப்புவது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) அல்லது சேவை தரும் பாட் (தானாக இயங்கும் நிரல்) தடுப்பை இயக்குங்கள். திறந்து கிடக்கும் படிவங்களில் பாட்கள் யார் யாருடைய முகவரியையோ நிரப்பிவிட்டுப் போகும்.

5. இரட்டை உறுதி

படிவத்தை நிரப்பியதும் ஒரு மெயில் போகும். அதில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் பட்டியலில் பெயர் ஏறும். இதனால் ஒரு பகுதியினரை இழப்பீர்கள். இழந்தாலும் பரவாயில்லை, செய்யுங்கள்.

காரணம் நம் ஊரில் இன்னும் வலுவானது. போன் வாங்கிய கடையிலேயே ஜிமெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்திருப்பார்கள். அந்த முகவரி மனப்பாடமாக இருக்கும், ஆனால் இன்பாக்ஸைத் திறந்து பார்த்தே இருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர் இந்தக் கட்டத்தைத் தாண்ட மாட்டார். அவரை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்வதே இருவருக்கும் நல்லது. எழுத்துப் பிழையும் இங்கேயே வடிந்துவிடும். ஜிமெயில் என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறியிருக்கும், 'டாட் காம்' என்பது 'டாட் கான்' ஆகியிருக்கும். இப்படிப்பட்ட பிழை முகவரிகளில் சிலவற்றை ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிக்கும் பொறியாகவே வைத்திருக்கிறார்கள்.

சேவை தரும் ஆங்கில உறுதி மெயிலை அப்படியே விடாதீர்கள். தமிழில் மூன்று வரி: கடை பெயர், எதற்காகச் சேர்ந்தார், பொத்தான். படிவம் அனுப்பியதும் தோன்றும் பக்கத்தில் 'இப்போது உங்கள் மெயிலைத் திறந்து பாருங்கள். காணவில்லை என்றால் புரமோஷன்ஸ், ஸ்பேம் இரண்டிலும் தேடுங்கள்' என்று எழுதுங்கள். 3 நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள்.

6. எங்கே கேட்பது

கல்லாதான் முதல் இடம். கை அகல அட்டையில் கியூஆர் கோடு, அதன் மேல் முதல் படியில் எழுதிய அந்த ஒரு வரி. பில் போடுபவர் வாயால் சொல்லவும் வேண்டும்: 'அக்கா, அடுத்த முறை நல்லெண்ணெய் ஆட்டும்போது முன்னாலேயே தெரியணும்னா இதை ஸ்கேன் பண்ணுங்க.' அட்டை தானாக வேலை செய்யாது.

நோட்டுப் புத்தகத்தில் முகவரி எழுதி வாங்காதீர்கள். ஒன்றும் எல்லும், பூஜ்யமும் ஓவும், யூவும் வியும் கையெழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். மாலையில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும்போது பிழை கூடும். போன் பார்க்கத் தெரியாத பெரியவர் கேட்டால், உங்கள் போனில் படிவத்தைத் திறந்து அவர் எதிரிலேயே நிரப்பி, அவர் போனில் வந்த உறுதி மெயிலையும் அப்போதே அழுத்தச் சொல்லுங்கள்.

அடுத்தது கூரியர் பெட்டி. டின்னோடு ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். 'அடியில் வண்டல் படிவது இயல்பு, தெளிந்ததை மேலாக ஊற்றிக்கொள்ளுங்கள்' என்பது போன்ற பயனுள்ள குறிப்பு ஒன்றும், கீழே கியூஆர் கோடும் இருக்கட்டும். குறிப்பு இருந்தால் சீட்டைச் சமையலறையில் ஒட்டி வைப்பார்கள்.

ஆர்டர் பக்கத்தில் ஒரு டிக் பெட்டி வைக்கலாம். அது முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கக் கூடாது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, ஒப்புதல் என்பது தெளிவான செயலால், குறிப்பிட்ட நோக்கத்துக்காகத் தரப்பட வேண்டும் என்கிறது. கொடுத்த அளவுக்கு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். ஐரோப்பாவில் உள்ள வாடிக்கையாளருக்கும் முன்கூட்டியே டிக் செய்த பெட்டி ஒப்புதலாகாது. அமெரிக்காவுக்கு அனுப்பும் விளம்பர மெயிலில் உங்கள் அஞ்சல் முகவரி இருந்தாக வேண்டும். எல்லா மெயிலின் அடியிலும் கடை முகவரியைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

7. பழைய எக்செல் கோப்பை என்ன செய்வது?

பில்லிங் மென்பொருளிலோ பழைய ஆர்டர்களிலோ 800 முகவரி கிடக்கும். மொத்தமாக ஏற்றிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஏற்றாதீர்கள். கடந்த 12 மாதத்தில் வாங்கியவர்களை மட்டும் பிரித்து, நாளுக்கு 30 முதல் 50 பேர் வீதம், தனிப்பட்ட முறையில் ஒரு மெயில் அனுப்புங்கள்: 'ஐப்பசியில் எங்களிடம் கடலை எண்ணெய் வாங்கினீர்கள். ஆட்டும் நாளை மெயிலில் சொல்லத் தொடங்கியிருக்கிறோம். விருப்பம் இருந்தால் இந்த இணைப்பில் சேருங்கள். சேராவிட்டால் இனி எழுத மாட்டோம்.' சொன்னபடி எழுதாமலும் இருங்கள். அதற்கு முந்தைய முகவரிகளைத் தொட வேண்டாம். விலைக்கு வாங்கும் பட்டியல்களைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அதில் ஒருவர்கூட உங்களைக் கேட்கவில்லை.

ஏன் இத்தனை கறார்? ஸ்பேம் என்று புகார் செய்வோர் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும், 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்கிறது கூகுள். உங்கள் பட்டியல் 400 பேர் என்றால் ஒரே ஒருவர் புகார் பொத்தானை அழுத்தினாலே 0.25 சதவீதம். பெரிய நிறுவனம் தாங்கும் அடியைச் சிறு கடை தாங்காது.

தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பை ஏற்றுமதி செய்யும்போது எக்செல்லில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்ற வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியில் சேமித்தால் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

8. முதல் மெயில், அடுத்தடுத்த மெயில்கள்

உறுதி செய்த சில நிமிடங்களிலேயே வரவேற்பு மெயில் தானாகப் போகும்படி அமையுங்கள். ஒருவர் உங்களை நன்றாக நினைவு வைத்திருக்கும் நேரம் அதுதான். அதில் விற்காதீர்கள், ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்கள் வீட்டில் தாளிக்க எந்த எண்ணெய்?' பதில் எழுதியவரைக் கடலை, நல்லெண்ணெய், தேங்காய் என்று குறியிட்டு வையுங்கள். பிறகு தேங்காய் எண்ணெய் ஆட்டும் செய்தியைத் தேங்காய்க்காரர்களுக்கு மட்டும் அனுப்பலாம். கேட்டது மட்டும் வரும்போது விலகுவோர் குறைவார்கள்.

மெயிலை எழுத்தாக எழுதுங்கள். விளம்பரப் போஸ்டர் ஒன்றை வடிவமைத்து அந்தப் படத்தை மட்டும் ஒட்டினால், படங்கள் வராத போனில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். எடையையும் கவனியுங்கள். மெயிலின் எச்டிஎம்எல் (எழுத்தும் வடிவமைப்புக் குறிகளும் சேர்ந்தது) ஏறக்குறைய 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அத்தோடு வெட்டிவிடும். அடியில் உள்ள விலகல் இணைப்பு மறைந்துபோகும். விலக வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் என்றால் தமிழில் மெய்யின் புள்ளிக்கும் கொம்புக்கும் கூடத் தனித்தனியே 3 பைட். ஆனாலும் 600 சொல் எழுத்து ஏறக்குறைய 16 கிலோபைட்தான் வரும். எடை கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம், வேர்டில் எழுதி அப்படியே ஒட்டுவது. நோட்பேடில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் குப்பை உதிர்ந்துவிடும்.

9. களை எடுப்பது

முகவரியே இல்லை என்று திரும்பும் ஹார்டு பவுன்ஸைச் சேவையே நீக்கிவிடும். ஒரு மெயிலில் அது 2 சதவீதத்தைத் தாண்டினால் சேர்க்கும் இடத்தில் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் இரட்டை உறுதி அணைந்திருக்கும். இன்பாக்ஸ் நிரம்பியதால் திரும்பும் சாஃப்ட் பவுன்ஸ் நாலைந்து முறை தொடர்ந்தால் நீக்குங்கள்.

திறந்தவர் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, படிக்காத மெயிலையும் திறந்ததாகக் காட்டும். கிளிக், பதில், ஆர்டர் மூன்றும்தான் உண்மைக் கணக்கு. ஜிமெயிலில் உங்கள் மெயில் மீது வரும் ஸ்பேம் புகாரைக் காட்டும் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் கருவி, சில நூறு பேர் கொண்ட பட்டியலுக்குப் பெரும்பாலும் எதுவும் காட்டாது; சேவையின் அறிக்கையைப் பாருங்கள்.

6 மாதம் எந்த அசைவும் இல்லாதவருக்கு ஒரே மெயில்: 'இன்னும் அனுப்பலாமா?' 10 நாளில் பதில் பொத்தானை அழுத்தாவிட்டால் எடுத்துவிடுங்கள். 340 பேர் 260 ஆவதைப் பார்க்க மனம் கேட்காது. போன 80 பேரில் யாரும் எண்ணெய் வாங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதை பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்குபவர் யாராவது இருந்தால் கல்லாவில் நேரில் கேட்டுவிடலாம்.

விலகியவர்களை முற்றாக அழிக்காமல் 'அனுப்பக் கூடாதவர்' பட்டியலில் விட்டுவையுங்கள். வேறு சேவைக்கு மாறும் நாளில், சேர்ந்தவர் கோப்போடு அந்தக் கோப்பையும் ஏற்றுமதி செய்து முதலில் அதை ஏற்றுங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் முன்பு விலகியவருக்குத் திரும்பவும் மெயில் போகும்.